காற்றைக் கேட்காமல் கட்டிய அரங்கம்



ஒரு வீட்டைக் கட்டி முடித்த பிறகு அதில் குறை தெரிந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னல் சிறியதாக இருந்தால் பெரிதாக்கிக் கொள்கிறோம். கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுகிறோம். சுவர் வெடித்தால் பூசி அடைக்கிறோம். கொஞ்சம் பணம் செலவாகும், அவ்வளவுதான். ஆனால் வீடு நிற்கும் இடமே சரியில்லை என்று தெரிந்தால்? வீட்டைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாதல்லவா?

வீட்டுக்கே இப்படி என்றால், 40,000 பேர் உட்காரும் ஒரு விளையாட்டரங்கத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் நகரத்தில் புதிதாக ஓர் அரங்கம் கட்டப்போகிறார்கள். அதற்கு இடம் தேடும் குழுவில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "நிலம் என்ன விலை? சாலை இருக்கிறதா? வண்டிகள் நிறுத்த இடம் போதுமா?" என்றுதான் பெரும்பாலோர் கேட்பார்கள். நல்ல கேள்விகள்தான். ஆனால் இந்தக் கேள்விகளோடு நிறுத்திக்கொண்ட ஒரு நகரம், அதன் பலனை 40 ஆண்டுகள் அனுபவித்தது. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம். கதையின் நாயகன் ஒரு மனிதனல்ல, காற்று!

ஒரு நகரம் இடம் தேடியது

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதன் மேற்கே பசிபிக் மகாசமுத்திரம். கிழக்கே ஒரு பெரிய விரிகுடா. இரண்டுக்கும் நடுவே குன்றுகள் நிறைந்த குறுகிய நிலப்பகுதியில் நகரம் அமைந்திருக்கிறது.

அமெரிக்கர்களுக்கு பேஸ்பால் ஆட்டத்தின் மீது தீராத மோகம். கிரிக்கெட்டைப் போலவே ஒருவர் பந்தை எறிவார், மற்றொருவர் மட்டையால் அடிப்பார். பந்தின் எடை சுமார் 145 கிராம். கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுக் குறைவு. வசந்த காலம் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஒவ்வொரு குழுவும் தன் சொந்த ஊரில் மட்டும் சுமார் 80 ஆட்டங்கள் ஆடும்.

நியூயார்க் நகரத்தில் ஆடிவந்த ஜயன்ட்ஸ் என்ற புகழ்பெற்ற குழு, 1958-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அப்போதிருந்த அரங்கம் மிகச் சிறியது. பெரிய அரங்கம் வேண்டும் என்பதற்காக நகர மக்கள் 1954-லேயே வாக்களித்து 50 லட்சம் டாலர் கடன் திரட்ட ஒப்புதல் கொடுத்திருந்தார்கள். அப்படியானால் எங்கே கட்டுவது?

நகரின் நடுவில் நிலம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கார்களை எங்கே நிறுத்துவது? அமெரிக்காவில் அது கார்களின் காலம். எனவே பார்வை நகரின் தென்கிழக்கு மூலைக்குச் சென்றது. அங்கே விரிகுடாவின் ஓரத்தில் காண்டில்ஸ்டிக் முனை என்ற இடம் காலியாகக் கிடந்தது. அருகிலேயே நெடுஞ்சாலை. விரிகுடாவின் ஓரத்தைத் தூர்த்துவிட்டால் ஆயிரக்கணக்கான கார்களை நிறுத்தலாம். நிலத்தின் பெரும்பகுதி சார்லஸ் ஹார்னி என்ற கட்டிட ஒப்பந்தக்காரருக்குச் சொந்தம். அவரே அரங்கத்தைக் கட்டித் தரவும் முன்வந்தார். 1958-இல் வேலை தொடங்கியது. 1960 ஏப்ரல் 12 அன்று வலுவூட்டிய காங்கிரீட்டால் எழுந்த காண்டில்ஸ்டிக் பார்க் அரங்கத்தில் முதல் ஆட்டம் நடந்தது.

காண்டில்ஸ்டிக் என்றால் மெழுகுவத்தித் தண்டு என்று பொருள். ஆனால் அந்த இடத்தில் பிற்பகலில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தால் ஒரு நிமிடம்கூட நிற்காது என்பது முதல் ஆண்டிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது!

காலையில் சாது, மாலையில் முரடன்

ஜயன்ட்ஸ் குழுவின் உரிமையாளர் ஹொரேஸ் ஸ்டோன்ஹாம் இந்த இடத்தைப் பார்க்க வந்தது ஒரு காலை வேளையில் என்று பேஸ்பால் ரசிகர்கள் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். காலையில் அங்கே இலைகூட அசையாது. விரிகுடாவின் நீர் கண்ணாடிபோல் இருக்கும். யாருக்கும் பிடித்துப்போகும். ஆனால் ஆட்டம் நடப்பது பிற்பகலிலும் இரவிலும் அல்லவா? நண்பகல் தாண்டியதும் அந்த இடத்தின் குணமே மாறிவிடும். ஏன்?

கடற்கரை ஊர்களில் வசிக்கும் நண்பர்களுக்கு விடை பாதி தெரிந்திருக்கும். பகலில் வெயில் ஏற ஏற நிலம் விரைவாகச் சூடாகிறது; கடல் மெதுவாகத்தான் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி, விரிந்து, இலேசாகி மேலே எழும்புகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருக்கும் குளிர்ந்த, கனமான காற்று ஓடிவருகிறது. இதுதான் கடற்காற்று.

சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் கடற்காற்று பல மடங்கு வலிமை பெறுகிறது. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அங்கே கடல் மிகவும் குளிர்ந்தது. கோடைக்காலத்தில் கரையோரமாக வீசும் வடமேற்குக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகின்றன. அதை ஈடுசெய்ய ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதனால் கோடையிலும் கடல்நீரின் வெப்பநிலை 12, 14 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். இரண்டாவது, கரையோர மலைகளைத் தாண்டிக் கிழக்கே சென்றால் கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே கோடை வெப்பநிலை 38 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஒரு பக்கம் குளிர்பெட்டி, மறுபக்கம் அடுப்பு! இரண்டுக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு கடற்காற்றைப் பலமாக இழுக்கிறது.

இடையில் மலைகள் குறுக்கே நிற்கின்றனவே, காற்று எப்படிச் செல்லும்? மலைத்தொடரில் எங்கே தாழ்வான இடைவெளி இருக்கிறதோ அங்கே புகுந்து செல்லும். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறதல்லவா? அதுபோல இடைவெளியில் புகும் காற்றும் வேகம் பெறுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் தெற்குப் பகுதியில் அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் வழியாக வரும் காற்று காண்டில்ஸ்டிக் முனையைக் கடந்துதான் விரிகுடாவை அடைகிறது.

குன்று செய்த குறும்பு

அரங்கத்திற்கு மேற்கே பேவ்யூ என்ற ஒரு குன்று இருக்கிறது. உயரம் சுமார் 130 மீட்டர். காற்று மேற்கிலிருந்து வருகிறது. குன்றும் மேற்கே இருக்கிறது. அப்படியானால் குன்று ஒரு சுவர்போல நின்று அரங்கத்தைக் காக்காதா? முதற் பார்வையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஓடையின் நடுவே கிடக்கும் ஒரு பெரிய கல்லைக் கவனித்துப் பாருங்கள். நீர் கல்லின் இரு பக்கமும் பிரிந்து ஓடுகிறது. கல்லுக்குப் பின்னால் நீர் அமைதியாக இருக்கிறதா? இல்லை. அங்கே சிறுசிறு சுழல்கள் தோன்றித் தோன்றி மறைகின்றன. ஒரு துண்டு இலையைப் போட்டால் அது முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றி வரும். காற்றும் நீரைப் போல ஓடும் பொருள்தான். குன்றின் மேலும் பக்கங்களிலும் பாய்ந்து வரும் காற்று, குன்றைத் தாண்டியதும் அதன் சரிவை ஒட்டி இறங்காமல் பிய்ந்து, சுழல்களாக மாறுகிறது. அந்தச் சுழல்கள் விழும் இடத்தில்தான் அரங்கம் நின்றது.

ஒரே திசையில் சீராக வீசும் காற்றுக்கு ஆட்டக்காரர்கள் பழகிக்கொள்ளலாம். சுழன்றடிக்கும் காற்றுக்கு எப்படிப் பழகுவது? பந்து மேலே எழும்பும்போது ஒரு பக்கம் போகும். இறங்கும்போது மறுபக்கம் வரும். பிடிக்கக் காத்திருப்பவர் இங்குமங்கும் ஓடவேண்டியதுதான். காகிதங்களும் குப்பையும் மைதானத்தில் வட்டமிட்டுப் பறக்கும்.

காற்றின் விசையைப் பற்றி ஒரு முக்கியமான உண்மையை நினைவில் வையுங்கள். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்கு! மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, தனக்கு நேராக நிற்கும் 1 சதுர மீட்டர் பலகையைச் சுமார் 15 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறது. இது ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடைக்குச் சமம். அதே காற்று 54 கி.மீ. வேகத்தில் வீசினால் விசை 135 நியூட்டன். அதாவது சுமார் 14 கிலோ!

பந்தெறிந்தவரை அசைத்த காற்று

1961 ஜூலை 11. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் இரு அணிகளாகப் பிரிந்து ஆடும் பெரிய ஆட்டம் காண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது சுற்றில் ஸ்டூ மில்லர் என்ற பந்தெறிவாளர் எறியத் தயாராக நின்றார். பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. ஓட்டக்காரர்கள் காத்திருக்கும்போது, எறியத் தயாராகி நிலைக்கு வந்த பந்தெறிவாளர், எறியும்வரை உடலை அசைக்கக் கூடாது. அசைந்தால் குற்றம், எதிரணியின் ஓட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு கட்டம் முன்னேறலாம்.

மில்லர் அசையாமல்தான் நின்றார். ஆனால் திடீரென வீசிய காற்று அவரை அசைத்துவிட்டது! நடுவர் குற்றம் என்று அறிவித்தார். "காற்று பந்தெறிவாளரைத் தூக்கிச் சென்றது" என்கிற அளவுக்கு இந்தச் செய்தி நாடெங்கும் பெரிதாகப் பரவியது. நல்ல வேளையாக மில்லரின் அணியே பத்தாவது சுற்றில் 5-4 என்ற கணக்கில் வென்றது. ஆனால் அரங்கத்தின் பெயர் கெட்டது கெட்டதுதான்.

குளிரும் ரசிகர்களை வாட்டியது. இதை எதிர்பார்த்து, இருக்கைகளின் அடியில் வெந்நீர்க் குழாய்கள் பதித்திருந்தார்கள். குழாய்களின் வெப்பம் காங்கிரீட்டைத் தாண்டி உட்காருபவர்களின் கால்களை எட்டவேயில்லை. பருவம் முழுவதற்கும் பணம் கட்டியிருந்த ஒரு வழக்கறிஞர், குளிரில் நடுங்கவிட்டதற்காக வழக்குத் தொடுத்து வெற்றியும் பெற்றார்!

1970-களின் தொடக்கத்தில், கால்பந்துக் குழு ஒன்றும் இங்கே ஆட வந்ததால் அரங்கத்தை விரிவாக்கினார்கள். அதுவரை ஒரு பக்கம் திறந்திருந்த அரங்கத்தைச் சுற்றிலும் இருக்கைகளை எழுப்பி மூடினார்கள். இனிக் காற்று அடங்கிவிடும் என்று பலரும் நம்பினார்கள். நடந்ததோ வேறு. உள்ளே இறங்கிய காற்று வெளியேற வழியின்றிக் கிண்ணத்தில் கலக்கிய மோர்போலச் சுழன்றது. செலவு செய்தும் காற்றுத் தொல்லை தீரவில்லை.

பூமி குலுங்கியபோது

இதையெல்லாம் படித்துவிட்டு, "இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாவற்றிலும் தவறிவிட்டார்கள்" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த இடத்துக்கு ஒரு பெரிய நல்ல குணமும் இருந்தது. அது தெரிய 29 ஆண்டுகள் ஆயின.

1989 அக்டோபர் 17, மாலை 5 மணி 4 நிமிடம். பேஸ்பால் ஆண்டின் மிக முக்கியமான போட்டி தொடங்கவிருந்தது. அரங்கத்தில் 60,000 பேருக்கு மேல் நிறைந்திருந்தார்கள். அந்த நேரத்தில், ஏறக்குறைய 100 கி.மீ. தெற்கேயுள்ள மலைப்பகுதியில் 6.9 அளவுள்ள பூகம்பம் தோன்றியது. சுமார் 15 விநாடிகள் பூமி குலுங்கியது. விரிகுடாவைச் சுற்றியிருந்த ஊர்களில் 63 பேர் மாண்டனர். எதிர்க்கரையிலுள்ள ஓக்லாந்து நகரில் இரண்டடுக்கு மேம்பாலச் சாலை இடிந்து விழுந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் வடக்குக் கரையில் மரீனா என்ற பகுதி இருக்கிறது. 1915-இல் நடந்த ஓர் உலகக் கண்காட்சிக்காக நீர்நிலையைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது. அங்கே வீடுகள் சரிந்தன, தீப்பிடித்தது. ஏன் அங்கே மட்டும் அவ்வளவு சேதம்? கடற்கரையில் ஈரமணலின் மேல் நின்று காலால் விடாமல் மிதித்துப் பாருங்கள். மணல் குழைந்து, நீர் மேலே வந்து, கால் புதையும். நீர் ஊறிய தளர்ந்த மணல் குலுங்கும்போது, ஒன்றையொன்று தாங்கி நின்ற மணல் துகள்கள் பிடி விட்டுப்போகின்றன. சிறிது நேரத்துக்கு மண் குழம்புபோல ஆகிவிடுகிறது. அதன் மேல் நிற்கும் வீடு என்ன ஆகும்?

காண்டில்ஸ்டிக் அரங்கமோ பாறையின் மேல் நின்றது. மேல் அடுக்கில் சில இணைப்புகளில் காங்கிரீட் சில்லுகள் பெயர்ந்தன. ஆனால் அறுபதாயிரம் பேரில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை! பொறியாளர்கள் சோதித்துப் பார்த்த பிறகு, பத்து நாள் கழித்து, அக்டோபர் 27 அன்று அதே அரங்கத்தில் ஆட்டம் தொடர்ந்தது.

ஆக, ஒரே இடம் ஒரு சோதனையில் தோற்றது, மற்றொன்றில் வென்றது. ஓர் இடத்துக்கு ஒரேயொரு மதிப்பெண் போட முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

இரண்டாவது தேடல்

காற்றோடு போராடிச் சலித்த குழு, புதிய அரங்கம் கேட்டது. மக்கள் உடனே சம்மதித்துவிடவில்லை. 1987-இல் வாக்கெடுப்பில் ஒரு திட்டம் தோற்றது. பூகம்பம் நடந்து மூன்றே வாரத்தில், 1989 நவம்பரில், இன்னொரு திட்டம் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. வீடிழந்தவர்கள் இருக்கும்போது அரங்கத்துக்கு ஏன் பணம் என்று பலரும் கேட்டார்கள். பொதுமக்களின் பணத்தில் ஒன்றைக் கட்டும்போது அந்தக் கேள்வி எழத்தானே செய்யும்? இறுதியில், கட்டுமானச் செலவைப் பெரும்பாலும் தனியாரே ஏற்பது என்ற திட்டத்துக்கு 1996 மார்ச்சில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள்.

இம்முறை தேர்ந்தெடுத்த இடம் சைனா பேசின் என்ற பழைய துறைமுகப் பகுதி. நகரின் மையத்திலிருந்து நடந்தே போகலாம். ஆனால் நிலம் மிகக் குறைவு. சுமார் 13 ஏக்கர், அதாவது 5 ஹெக்டேர்தான். இதில் கார்களை எங்கே நிறுத்துவது?

வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். 40,000 பேர் வருகிறார்கள். எல்லோரும் காரில் வருகிறார்கள், ஒரு காரில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10,000 கார்கள். ஒரு கார் நிற்கவும், வந்து போகும் பாதைக்குமாகச் சேர்த்து 25 சதுர மீட்டர் வேண்டும். மொத்தம் 2,50,000 சதுர மீட்டர். அதாவது 25 ஹெக்டேர்! அரங்கத்தைப் போல ஐந்து மடங்கு நிலம் வெறும் கார்களுக்கு. அதுவும் ஆண்டில் 80 நாட்கள் சில மணி நேரத்துக்காக.

சைனா பேசினில் இந்தக் கணக்கையே மாற்றினார்கள். சற்றுத் தொலைவில் ரயில் நிலையம் இருக்கிறது. வாசல் வழியே நகர ரயில் செல்கிறது. விரிகுடாவின் மறுகரையிலிருந்து படகில் வந்து அரங்கத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். கார் நிறுத்தும் இடத்தைத் தேடிப்போன 1950-களின் குழு நகரத்தை விட்டு விலகிச் சென்றது. ரயிலையும் படகையும் கணக்கில் எடுத்த 1990-களின் குழு நகரத்துக்குள்ளேயே இடம் கண்டது.

சுரங்கத்துக்குள் ஒரு குட்டி நகரம்

ஆனால் காற்று? சைனா பேசினிலும் பிற்பகலில் மேற்கிலிருந்து காற்று வரத்தான் செய்யும். இம்முறை கட்டுவதற்கு முன்பே காற்றைக் கேட்டார்கள். எப்படி?

டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஒயிட் என்ற பொறியியல் பேராசிரியர் இருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு காற்றுச் சுரங்கம் இருந்தது. சுரங்கம் என்றதும் பூமிக்கடியில் இருப்பது என்று எண்ணிவிடாதீர்கள். அது நீண்ட பெட்டி போன்ற அறை. ஒரு கோடியில் பெரிய மின்விசிறி. உள்ளே அரங்கத்தின் சிறிய மாதிரியையும், சுற்றியுள்ள கட்டிடங்களின் மாதிரிகளையும் வைப்பார்கள். காற்று வரும் வழியில் சிறுசிறு கட்டைகளைப் பரப்பி வைப்பார்கள். நகரத்துக் கட்டிடங்களில் மோதி வரும் காற்று எப்படிக் கலங்கி வருமோ, அப்படியே இதுவும் கலங்கி வரவேண்டுமல்லவா? அதற்காகத்தான். மாதிரி நிற்கும் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து, எந்தத் திசையிலிருந்து காற்று வந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கலாம்.

இவ்வளவு சிறிய மாதிரிக்குள் காற்றின் வேகத்தை அளப்பது எப்படி? அதற்கு ஓர் அழகான உபாயம் உண்டு. மயிரிழை போன்ற ஒரு கம்பியை மின்சாரத்தால் சூடாக்குவார்கள். காற்றுப் பட்டால் கம்பி குளிரும். காற்று வேகமாக வீசினால் அதிகமாகக் குளிரும். குளிர்ந்தால் கம்பியின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்து வேகத்தைச் சொல்லிவிடலாம்.

சோதனையில் ஓர் உண்மை வெளிப்பட்டது. முதலில் எண்ணியிருந்த திசையில் அரங்கத்தை வைத்தால் காற்று உள்ளே புகுந்து பழைய தொல்லையே தொடரும். உடனே திட்டத்தைத் திருத்தினார்கள். உயரமான இருக்கை அடுக்கு மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டும்படியும், திறந்த பக்கம் கிழக்கே விரிகுடாவை நோக்கும்படியும் அரங்கத்தைத் திருப்பினார்கள். வரைபடத்தில்தானே திருப்பினார்கள்? அதற்கு ஆன செலவு மிகச் சொற்பம். காங்கிரீட் இறுகிய பிறகு திருப்ப முடியுமா?

2000 ஏப்ரலில் புதிய அரங்கத்தில் பருவம் தொடங்கியது. இன்று அதன் பெயர் ஆரக்கிள் பார்க். கோடை இரவுகளில் அங்கேயும் குளிரத்தான் செய்கிறது. ஆனால் பந்தெறிபவரை அசைக்கும் சுழற்காற்று இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சைனா பேசின் பாறை நிலமல்ல. விரிகுடாவைத் தூர்த்த மண். மரீனா பகுதியின் ஆபத்து இங்கேயும் உண்டு. அதனால் மண்ணை நம்பாமல், ‘பைல்’ எனப்படும் நீண்ட தூண்களைத் தளர்ந்த மண்ணின் ஊடே ஆழமாக அடித்து இறக்கி, அவற்றின் மேல் அரங்கத்தை நிறுத்தினார்கள். அதாவது, பழைய இடத்தில் மண் நல்லது, காற்று கெட்டது. புதிய இடத்தில் காற்றைச் சமாளிக்கலாம், மண் கெட்டது. மண்ணின் குறையைத் தூண் அடித்துத் தீர்க்கப் பொறியாளர்களுக்குத் தெரியும். கட்டி முடித்த அரங்கத்தின் மேல் வீசும் காற்றை நிறுத்த யாருக்கும் தெரியாது. எனவே இடம் தேடும் குழு ஒவ்வொரு குறையைப் பற்றியும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: "இதைப் பின்னால் திருத்த முடியுமா, முடியாதா?"

வெயிலும் ஒரு விருந்தாளி

காண்டில்ஸ்டிக்கில் 2013 வரை ஆடிய கால்பந்துக் குழு, 2014-இல் தெற்கே சான்டா கிளாரா என்ற ஊரில் புதிய அரங்கத்துக்குச் சென்றது. விரிகுடாவின் தென்கோடி அது. கடலின் குளிர் அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை. காற்றுத் தொல்லை ஒழிந்தது. ஆனால் முதல் பருவத்திலேயே வேறொரு புகார் எழுந்தது: வெயில்! கிழக்குப் பக்கத்து இருக்கைகள் மேற்கு நோக்கியவை. பிற்பகல் ஆட்டங்களில் சூரியன் நேராக முகத்தில் அடித்தது. ரசிகர்கள் நிழலைத் தேடி எழுந்து ஓடினார்கள்.

சூரியன் எந்த நாளில் எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதை நூறாண்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதனால்தான் கிரிக்கெட் ஆடுகளத்தை வடக்குத் தெற்காக அமைக்கிறோம். மாலைச் சூரியன் மட்டையாளரின் கண்ணில் படக்கூடாதல்லவா? பேஸ்பால் விதிநூல்கூட, மட்டையாளர் கிழக்கு-வடகிழக்கு நோக்கி நிற்பது நல்லது என்கிறது. ஆட்டக்காரர்களின் கண்ணைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், பார்வையாளர்களின் தலையைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

காண்டில்ஸ்டிக் பார்க் 2015-இல் இடித்து முடிக்கப்பட்டது. ஜயன்ட்ஸ் குழு மட்டும் 1960 முதல் 1999 வரை அங்கே சுமார் 3,000 ஆட்டங்கள் ஆடியிருக்கிறது. அத்தனை பிற்பகல்களும் இரவுகளும் காற்று வீசியது, 1950-களிலும் அப்படியே வீசிக்கொண்டுதான் இருந்தது. அதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் நடக்கும் பருவத்தில், ஆட்டம் நடக்கும் வேளையில் போய் நின்றாலே போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் பூப்பந்தாட்டத்துக்குப் புதிய ஆடுகளம் அமைக்க எந்த மூலை ஏற்றது? கம்பளி நூலால் ஆன அந்தப் பந்து மிக இலேசானது. காற்றுக்கு உடனே வளைந்து கொடுக்கும். ஆகவே இடம் தேடும் குழுவாக நீங்களே இயங்குங்கள்.

தேவையான பொருள்கள்: ஒரு பாகைமானி, ஒரு டேபிள் டென்னிஸ் பந்து, 30 செ.மீ. நூல், ஒட்டும் நாடா. நூலின் ஒரு முனையைப் பந்தில் ஒட்டுங்கள். மறுமுனையைப் பாகைமானியின் மையத்தில் கட்டுங்கள். பாகைமானியின் நேர்விளிம்பு மேலே இருக்கும்படி தலைகீழாகக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். காற்றில்லாதபோது நூல் 90 பாகைக் குறிக்கு நேராகத் தொங்கும். காற்று வீசினால் பந்து விலகும். 90-இலிருந்து எத்தனை பாகை விலகியது என்று குறித்துக்கொள்ளுங்கள். 20 பாகை விலகினால் காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 19 கி.மீ.; 45 பாகை என்றால் 32 கி.மீ.; 60 பாகை என்றால் 42 கி.மீ.

மைதானத்தில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் காலை 8 மணி, நண்பகல், மாலை 5 மணி என மூன்று வேளை, இரண்டு வாரங்களுக்கு அளந்து அட்டவணை போடுங்கள். கட்டிடத்தின் மூலையிலும், சுவரின் மறைவிலும், மரத்தடியிலும் பந்து எப்படி ஆடுகிறது என்று கவனியுங்கள். எந்த இடத்தில் அது ஒரே பக்கம் சாயாமல் சுற்றிச் சுற்றி வருகிறதோ, அங்கே ஒரு குட்டிக் காண்டில்ஸ்டிக் ஒளிந்திருக்கிறது!

அதே நான்கு இடங்களில் மாலை 5 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது, மழை பெய்த மறுநாள் நீர் எங்கே தேங்குகிறது, பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் வழி எங்கே குறுக்கிடுகிறது என்பதையும் குறியுங்கள். பிறகு ஒவ்வொரு குறைக்கும் எதிரே "திருத்தலாம்" அல்லது "திருத்த முடியாது" என்று எழுதுங்கள். அந்த அட்டவணையை உங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் காட்டுங்கள். மண்வெட்டியை எடுப்பதற்கு முன் இடத்தை மாற்றிக்கொள்ள அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.